லம்புவின் தகப்பன் எழுதுவது

மகனே சுடலைமுத்து,

கல்யாண் ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று உறையின் மேல் எழுதியிருக்கிறேன். அதை நீ எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வண்டி இகத்புரிக்கே போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். நாலாம் வகுப்போடு உன் தமிழ் நின்றுவிட்டது. அதனால் இதைச் செல்விதான் உனக்கு வாசித்துக் காட்டப் போகிறாள். கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகாத பெண், மாமனார் செய்த காரியத்தை மாமனாரின் கையெழுத்திலேயே வாசிக்க வேண்டியிருக்கிறது. செல்வி, உனக்குச் சொல்கிறேன் அம்மா: எந்த இடத்தையும் விட்டுவிட்டு வாசிக்காதே, மென்று முழுங்காதே. அவன் எழுந்து கதவோரம் போய் நின்றாலும் நீ பாட்டுக்கு வாசித்துக்கொண்டிரு. அவனுக்குப் பாம்புக்காது. எதிர் பலகையில் தமிழ்க்காரர் யாரும் இல்லையே என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்.

கல்கத்தா கம்பெனி உன்னை எடுத்துக்கொண்டது. ஆபீசில் பெயருக்கு ஒரு மேசை. வேலை என்னவோ கூடைப்பந்து ஆடுவதுதான். பந்து ஆடுவதற்குச் சம்பளமா என்று தாராவியில் பாதிப்பேர் இன்னும் நம்பவில்லை. என் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் உன் மகனுக்கு அதிர்ஷ்டம் என்கிறார்கள். அதிர்ஷ்டமாவது மண்ணாங்கட்டியாவது. இது உனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டியது. பள்ளிக்கூடம் முடித்தபின் மூன்று வருஷம் குர்லா பட்டறையில் துளை போடும் மெஷின் முன்னால் கறுப்பெண்ணெய்யோடு நின்றாயே, அதற்கு மழை காரணமில்லை. காரணம் நான். அதைச் சொல்லத்தான் மத்தியான வேளையில் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு எழுதுகிறேன்.

முதலில் இருந்து வருகிறேன். உன்னை முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனபோது உனக்கு ஐந்து வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆறு முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. உன் அம்மைக்கு உன்னை வீட்டில் வைத்து மேய்க்க முடியவில்லை, ஆகவே எப்படியாவது தள்ளிவிட்டு வாருங்கள் என்றாள். பெரிய வாத்தியார் காகிதம் எதுவும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் யார் கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் விரலை எக்கி எக்கி நெற்றியோடு நின்றார்கள். நீ காதைத் தொட்டது மட்டுமில்லை, காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டு சிரித்தாய். அந்தக் கை அப்போதே அப்படி. ஆறு வயது ஆகிவிட்டது என்று வாத்தியார் எழுதினார். பிறந்த தேதிக்கு ஒரு ஜூன் ஒன்றாம் தேதியை அவரே போட்டுக்கொண்டார். ஆகக் காகிதத்தில் நீ பதினாலு மாதம் முன்னாலேயே பிறந்துவிட்டாய். எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

தையல்காரன் மகனுக்கு உடம்பு வளர்வது முதலில் தையல்காரனுக்குத்தான் தெரியும். ஒரு தீபாவளிக்கு அடித்த கால்சட்டை அடுத்த தீபாவளிக்குள் தொடைக்கு ஏறிவிடும். மடிப்பை அவிழ்த்து அவிழ்த்து விட்டு, கடைசியில் அவிழ்க்க மடிப்பே இருக்காது. உன் அளவுகளைத் தனி நோட்டில் எழுதி வைத்தேன். வாடிக்கைக்காரர் நோட்டில் நீ எதற்கு? மாட்டுங்காவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்தபோது நீ என் தோளுக்கு வந்தாய். ஒன்பதாம் வகுப்பில் என் தலைக்கு மேலே போய்விட்டாய். பரணிலிருந்து துணி எடுக்க நான் ஸ்டூல் தேடும்போது நீ நின்ற வாக்கில் எடுத்துக் கொடுப்பாய். வாங்கிக்கொள்வேன். சந்தோஷம்தான். ஆனால் அந்த ஸ்டூலில் நீ என்னை ஏற விட்டிருக்கலாம் என்றும் தோன்றும். அப்பன் மகனைப் பற்றி இப்படி நினைக்கலாமா என்று கேட்பாய். நினைத்தேன் என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சாவந்த் இருந்தார். டிரில் மாஸ்டர். மராட்டிக்காரப் பிள்ளைகளெல்லாம் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, காம்பவுண்டு ஓரம் இரண்டு கம்பத்தில் துருப்பிடித்த வளையத்தை மாட்டி, பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர். உன்னைப் பார்த்த முதல் நாளே பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நீ வந்து, "எப்பா, சார் என் கையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு" என்றாய். அந்தக் கை யார் கொடுத்த கை என்று எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குத் தொடங்கியது.

அதன் பிறகு நம் வீட்டில் சாவந்த் இல்லாத சோறு கிடையாது. சார் சொன்னார், முட்டை தின்ன வேண்டுமாம். சார் சொன்னார், குப்புறப் படுக்கக் கூடாதாம். சார் சொன்னார், டீயை ஆற்றித்தான் குடிக்க வேண்டுமாம். நீ அவரைப் போலவே சாசரில் ஊற்றி உறிஞ்சினாய். நடை மாறியது. குதிகால் படாமல் நடந்தாய், அவரும் அப்படித்தான் நடப்பார். சுடலைமுத்து என்பது அவர் வாயில் நுழையவில்லை என்று லம்பு என்று கூப்பிட்டார். நெட்டையன் என்று இந்தியில் ஒரு பெயர். அதைப் போய்ப் பெரிய பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டு வந்தாய். குலசாமி பெயரை வைத்தவன் நான் இருக்க, தாராவிச் சந்தில் உன் கூட்டாளிகள் வந்து "லம்பு இருக்கானா?" என்று என்னிடமே கேட்டார்கள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று ஒருநாள் திருப்பி அனுப்பினேன். நீ உள்ளேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் அம்மை கையில் கரண்டியோடு வந்து, "உங்களுக்கு எதுக்கு இந்த வயித்தெரிச்சல்? அந்த மனுசன் நம்ம பிள்ளைக்கு நல்லதுதான செய்யுதாரு?" என்று கேட்டாள். எனக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று அவள் மேலேயே எரிந்து விழுந்தேன்.

பள்ளிக்கூட டீமுக்குப் பனியன் தைக்க வேண்டும் என்று வந்தபோது நான் தைத்துத் தருகிறேன் என்று உன்னிடம் சொல்லி அனுப்பினேன். அவர் தாதரில் யாரிடமோ ஏற்கெனவே கொடுத்துவிட்டாராம். வந்த பனியனைப் பார்த்தேன். அக்குள் பிடித்தது, தோள் தையல் கோணல், நீ கையைத் தூக்கினால் வயிறு தெரிந்தது. பிரித்துத் தைத்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் எப்பா, எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சார் சொன்னார் என்றாய். அந்தக் கோணல் தையலைப் போட்டுக்கொண்டுதான் நீ முதல் கப்பை வாங்கினாய்.

அந்த ஆட்டத்துக்கு நான் வந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடங்களுக்கு இடையில் நடந்த கடைசி ஆட்டம், மாட்டுங்கா மைதானம், சரியான கூட்டம். எனக்கு அந்த ஆட்டத்தில் தலையும் தெரியாது காலும் தெரியாது. நீ குதித்தபோதெல்லாம் உன் கால்சட்டை இடுப்பில் நிற்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் ஊதினார்கள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பிள்ளைகள் எல்லாம் "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று கத்திக்கொண்டு நான் இருந்த பக்கமாக ஓடி வந்தார்கள். நான் எழுந்துவிட்டேன் சுடலை. இருபது வருஷமாக இந்த பம்பாயில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தையல்காரன் என்றால் மாஸ்டர்தான். வாடிக்கைக்காரன் மாஸ்டர் என்பான், பால்காரன் மாஸ்டர் என்பான், உன் அம்மைகூடக் கோபம் வந்தால் மாஸ்டர் என்பாள். அந்தச் சத்தம் கேட்டதும் கால் தானாக எழுந்தது, கை தானாக வேட்டியைச் சரிசெய்தது, முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்துவிட்டது. பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போய், என் பின்னால் நின்ற சாவந்தைத் தூக்கினார்கள். அவருடைய ஒரு காலைத் தூக்கிப் பிடித்திருந்தவன் நீ. நீ என்னைப் பார்த்தாய். நான் உட்காரத்தான் எழுந்தேன் என்பது மாதிரி மறுபடி உட்கார்ந்தேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ கவனித்தாயா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சாவந்த் கடைக்கு வந்தார். கூட நீ. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான மாகாண டீமில் உன்னை எடுக்கப் போகிறார்கள், கல்கத்தாவில் ஆட்டம், ஆனால் பதினாறு முடிந்திருக்கக் கூடாது. பள்ளிக்கூடக் காகிதப்படி உனக்குப் பதினாறு முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. உன் அம்மை பேச்சுவாக்கில் உண்மையான வயதைச் சொல்லியிருக்கிறாள் போல. பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் இருந்தால் போதும், ஹெட்மாஸ்டரிடமும் கமிட்டியிடமும் நானே நடந்து மாற்றிக்கொண்டு வருகிறேன், ஜாதகம் எல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அந்தக் காகிதம் ஒன்றுதான் வேண்டும் என்றார். அவர் எனக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நீ அவர் பின்னால், அவருடைய பிள்ளை மாதிரி, அவர் தோளில் கைவைத்துக்கொண்டு நின்றாய்.

அந்தக் கையை நீ எடுத்திருந்தால் நான் கொடுத்திருப்பேனோ என்னவோ. பழியை உன் மேல் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். மழைத்தண்ணீர் கடைக்குள் வந்த வருஷம் பெட்டியோடு ஊறிப்போய்விட்டது, கூழாகிவிட்டது, வாரித்தான் வெளியே போட்டோம் என்றேன். ஒரு பொய்க்கு மூன்று பொய்யாகச் சொன்னேன். காகிதம் என் தையல் மெஷின் டிராயரில், நூல் சுற்றும் பாபின் டப்பாவுக்கு அடியில், மெழுகுத் துணியில் சுற்றி நாலாக மடித்து இருந்தது. நீ என்னைச் சந்தேகப்படவில்லை. "பரவால்லப்பா, நீங்க என்ன செய்வீங்க" என்றாய். நீ திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

உன் கூட்டாளிகள் நாலு பேர் கல்கத்தா போனார்கள். வி.டி. ஸ்டேஷனுக்குப் போய் அவர்களுக்குக் கையசைத்துவிட்டு நீ திரும்பி வந்தாய். அந்த நாலு பேருக்கும் அதை வைத்தே காலேஜில் இடம் கிடைத்தது, பிறகு மில்லில் வேலை கிடைத்தது. நீ பள்ளிக்கூடம் முடித்துக் குர்லாவில் பட்டறைக்குப் போனாய். அது சீனாக்காரனோடு சண்டை வந்த வருஷம். இப்போது சொல்லப்போவதுதான் இதில் ஆகக் கேவலமானது, செல்வி, நிறுத்தாதே. பட்டறைக்குப் போகத் தொடங்கிய புதிதில் நீ சாயங்காலம் மைதானத்துக்குப் போகவில்லை. நேரே கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். பித்தான் தைத்துக் கொடுத்தாய். சார் பேச்சே இல்லை. ஒரு மாதம் போல இருக்கும். அந்த ஒரு மாதமும் எனக்குத் தீபாவளி. என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று வாடிக்கைக்காரர்களிடம் எல்லாம் சிரித்துப் பேசினேன். உன் விரல்நுனியில் இரும்புத்தூள் ஏறி, வெள்ளைச் சட்டையில் நீ பித்தான் தைத்தால் கறை பட்டது. அதையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு சாவந்த் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெரியவர்கள் ஆட்டத்தில் வயது கேட்க மாட்டார்கள், வா என்றார். பட்டறை விட்டதும் குர்லாவிலிருந்து ரயில் பிடித்து ஓடுவாய். மூன்று வருஷம் ஒரு நாள் விடாமல் உன்னோடு நின்றார் அந்த மனுஷர். பாகிஸ்தான் சண்டைக்கு விளக்கணைத்துக் கிடந்த வருஷம் லால்பாக் மில் ஒன்று உன்னை எடுத்தது. அங்கிருந்து மாகாண டீம், இப்போது கல்கத்தா கம்பெனி. இங்கிலீஷ் பேப்பரில் உன் படம் வந்தபோது படத்துக்குக் கீழே நாலு வரி இருந்தது; யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டேன். சாவந்திடம் பயிற்சி பெற்றவர் என்று இருந்ததாம். தகப்பன் என்ன தொழில் என்று ஒரு வார்த்தை இல்லை. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நாலு வரியை வெட்டிப் போட்டுவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன். வெட்டவில்லை. இருக்கிறது.

நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அவன் யாரையோ பார்த்து வந்து, அவரைப் போலவே டீ குடிப்பான். அப்போது உனக்குள் ஒன்று காந்தும். காந்தவில்லை என்று நடிக்காதே. செல்வியிடம் சொல்லிவிடு, எனக்கு இப்படி இருக்கிறது என்று. நான் உன் அம்மையிடம் சொல்லியிருந்தால் அவள் நாலு ஏச்சு ஏசி, டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்திருப்பாள். சொல்லாமல் வைத்திருந்ததால்தான் அது கைக்கு வந்து வேலை செய்துவிட்டது.

இதை நான் செத்துப்போகும் வரை சொல்லியிருக்க மாட்டேன். சொல்ல வைத்ததும் அந்த சாவந்துதான், பார்த்துக்கொள். கல்யாணத்துக்கு சார் உங்கள் கையால் தைத்த கோட்டில்தான் வர வேண்டும் என்று நீ அவரை அளவு கொடுக்க அனுப்பினாயே, அன்றைக்கு. நான் டேப்பை எடுத்து மார்பைச் சுற்றினேன். இத்தனை வருஷம் நான் மனசில் வைத்துச் சண்டை போட்ட ஆளுக்கு நாற்பத்திரண்டு மார்பு. டேப்பில் வந்தது முப்பத்தாறு. ஒரு தோள் இறங்கியிருந்தது, பனியனில் இரண்டு ஓட்டை. டேப் அவரைச் சுற்றி என் கையில் இருக்கும்போதே, குனிந்து, இந்தியில் மெதுவாகக் கேட்டார்:

"மாஸ்டர்ஜி, அந்தக் காகிதம் இன்னும் டிராயர்லதான் இருக்கா?"

எனக்கு அளவு மறந்துபோயிற்று. எப்படித் தெரியும் என்று நான் கேட்கும் முன்னே அவரே சொன்னார். அன்றைக்குத் தண்ணீர் வந்த கதையை நான் சொன்ன நேரம் முழுக்க என் இடது கை அந்த டிராயரை அமுக்கிப் பிடித்திருந்ததாம். பிறகு ஏன் சும்மா இருந்தீர்கள், அவனிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு அவர் சொன்னது: "சொன்னா அவன் உங்க வீட்டுக்கு வந்திருக்க மாட்டான், மாஸ்டர்ஜி. நேரா என்கிட்டதான் வந்திருப்பான். ஒரு பிள்ளைக்கு அப்படி ஒரு வீடு போகக் கூடாது." சொல்லிவிட்டுக் கையைத் தூக்கி நின்றார், கை நீளத்தை நான் அளக்க வேண்டும் அல்லவா. அளந்தேன்.

இதிலும் அந்த ஆள்தான் ஜெயித்தார். உன்னை நான் பிடித்து வைக்கப் பொய் சொன்னேன். உன்னை எனக்கே விட்டுக்கொடுக்க அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, எட்டு வருஷம். வயிற்றெரிச்சல் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் இந்தக் கடிதத்திலும் பொய் வந்துவிடும். முன்னைவிடக் கூடியிருக்கிறது. அந்த எரிச்சலோடுதான் அந்தக் கோட்டைத் தைத்தேன். இறங்கிய தோள் வெளியே தெரியாமல் உள்ளே துணி வைத்து ஏற்றினேன். என் ஆயுசில் அப்படி ஒரு கோட்டு நான் தைத்ததில்லை. மண்டபத்தில் எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

இனி உன் விஷயம். நீ போட்டிருக்கும் கோட்டில் இடது பக்கம் உள்பையைத் தைத்து மூடியிருக்கிறேன். பல்லால் கடிக்காதே. கீழ் மூலையில் நூலின் ஒரு முனை வெளியே விட்டிருக்கிறது, இழுத்தால் மொத்தமாக வந்துவிடும். அந்த ஆஸ்பத்திரிக் காகிதம் உள்ளே இருக்கிறது. இப்போது அது உனக்கு ஒன்றுக்கும் உதவாது, தெரியும். அதை ஏன் அன்றைக்கே கொளுத்திவிடவில்லை என்று நீ கேட்கலாம். எடுத்துப் பார். அதில் லம்பு இல்லை, சுடலைமுத்தும் இல்லை. நீ பிறந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது, பெயர் வைக்கவில்லை. ஆண் குழந்தை, இருபத்திரண்டு அங்குலம் என்று நர்ஸ் எழுதியிருக்கிறாள். தாய் என்ற இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டாள், தகப்பன் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. உன்னைப் பற்றிய காகிதங்களில் வேறு யார் பெயரும் இல்லாமல் நானும் நீயும் மட்டும் இருக்கிற காகிதம் அது ஒன்றுதான். இனி உன்னிடம் இருக்கட்டும். எனக்கு அந்த அளவு மனப்பாடம்.

கல்கத்தா போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடு. செல்வி கையெழுத்தில் வேண்டாம், அவள் நன்றாகத்தான் எழுதுவாள், இருந்தாலும் வேண்டாம். நீ எழுது. நீளமாக வேண்டியதில்லை. இதையெல்லாம் கேட்ட பிறகும் உனக்கு மனசு இருந்தால், அப்பா என்ற மூன்று எழுத்தை மட்டும் எழுதி அனுப்பு. நாலாம் வகுப்புத் தமிழ் அதற்குப் போதும். மனசு இல்லையென்றால் கார்டு வர வேண்டாம், நான் புரிந்துகொள்வேன். சாவந்துக்கும் எழுதுவாய், எழுதாமல் இருக்க மாட்டாய். எழுது. அவருக்கு நீ என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அந்த மூன்று எழுத்தை எழுதினால் அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

இப்படிக்கு,
உன் தகப்பன்